பிள்ளை பெற்ற பிறகு எடை குறைக்கப் பணம் போடப் போகிறீர்களா? இந்த வரிசையில் போடுங்கள்

குழந்தை பிறந்து சில மாதம் ஆனதும், "இனி எனக்காகக் கொஞ்சம் செலவழித்துக்கொள்ளலாம்" என்று தோன்றும். தாராளமாகச் செய்யுங்கள். அந்த எண்ணத்தில் குற்ற உணர்ச்சிக்கு இடமே இல்லை. என் கவலை செலவழிப்பதைப் பற்றியதல்ல, வரிசையைப் பற்றியது. பெரும்பாலான அம்மாக்கள் முதலில் வாங்குவது வயிற்று பெல்ட், ஜிம்மில் ஒரு வருடச் சந்தா, எடை குறைக்கும் பவுடர். இவை கடைசியில் வர வேண்டியவை. சில, வரவே தேவையில்லாதவை. முதலில் வர வேண்டிய ரத்தப் பரிசோதனைக்கும் பிசியோதெரபிக்கும் தூக்கத்துக்கும் அப்புறம் காசு மிஞ்சுவதில்லை.

அதனால் எதற்குப் பின் எது என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: முதல் ஆறு வாரம் எடைக்காக எதையும் வாங்காதீர்கள்

பிரசவத்தன்றே ஐந்தாறு கிலோ குறைந்துவிடும். குழந்தை, நஞ்சுக்கொடி, பனிக்குட நீர் எல்லாம் சேர்ந்த எடை அது. அடுத்த சில நாட்களில் உடம்பில் தேங்கிய நீர் சிறுநீராகவும் வியர்வையாகவும் வெளியேறும். கர்ப்பப்பை பழைய அளவுக்குச் சுருங்க ஏறக்குறைய ஆறு வாரம் ஆகும். வயிறு இன்னும் பெரிதாகத் தெரிகிறதே என்று இரண்டாவது வாரத்தில் கவலைப்பட வேண்டியதில்லை, உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கிறது.

இந்த நாட்களில் பணத்தை எடுத்து வையுங்கள், அவ்வளவுதான். மூன்று மாதத்துக்கு எவ்வளவு ஒதுக்க முடியும் என்று பார்த்து ஒரே தொகையாக எழுதி வையுங்கள். மாதாமாதம் "இந்த மாதம் முடியுமா" என்று யோசித்தால், வீட்டில் வரும் முதல் செலவுக்கே அம்மாவின் பங்கு போய்விடும்.

படி 2: முதல் காசு டாக்டருக்கும் ரத்தப் பரிசோதனைக்கும்

களைப்பு, முடி கொட்டுதல், எடை இறங்காமல் நிற்பது, எதிலும் மனம் ஒட்டாமல் இருப்பது என எல்லாவற்றையும் "பிள்ளை பெற்றால் இப்படித்தான்" என்று தள்ளிவிடுகிறோம். இவற்றுக்குப் பின்னால் மருந்தால் சரியாகக்கூடிய ஒரு காரணம் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்காமல் ஜிம்முக்குப் போனால் உடம்பு இன்னும் சோர்ந்துதான் போகும்.

டாக்டரிடம் இவற்றைக் கேளுங்கள்:

- ஹீமோகுளோபினுடன் ஃபெரிட்டின் அளவும். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் உடம்பின் இரும்புச்சத்து இருப்பு காலியாகியிருக்கலாம். அதைக் காட்டுவது ஃபெரிட்டின்தான்.
- தைராய்டு. பிரசவத்துக்குப் பிந்தைய தைராய்டு அழற்சி என்று ஒன்று உண்டு. சிலருக்கு முதலில் ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் கூடும், சில மாதம் கழித்துக் குறையும்.
- கர்ப்பத்தின்போது சர்க்கரை இருந்தவர்கள், 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் இரண்டு மணி நேரப் பரிசோதனை. பிரசவமான 4 முதல் 12 வாரத்துக்குள் செய்ய வேண்டும். குழந்தை பிறந்ததும் சர்க்கரை சரியாகிவிட்டது என்று இதைத் தவிர்ப்பவர்கள் அதிகம், தவிர்க்காதீர்கள். அதன் பிறகும் ஒன்று முதல் மூன்று வருடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்.
- சிசேரியன் என்றால் தழும்பு உள்ளே எப்படி ஆறியிருக்கிறது, எப்போதிலிருந்து எடை தூக்கலாம் என்பது.

மனதையும் இதே படியில் சேர்க்கிறேன், ஏனென்றால் இதுவும் பரிசோதித்துப் பார்க்க வேண்டியதுதான். பிரசவமான முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். அதைத் தாண்டியும் தொடர்ந்தால் எடின்பரோ அளவுகோல் என்ற கேள்விப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பதில் எழுதுங்கள். 1987இல் வெளியான இது இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. கடந்த ஏழு நாள் எப்படி இருந்தது என்று பத்துக் கேள்விகள், மொத்தம் 30 மதிப்பெண். 10ஐத் தொட்டாலே டாக்டரிடம் பேசுவது நல்லது. 13 அல்லது அதற்கு மேல் என்றால் தள்ளிப்போடவே கூடாது. பத்தாவது கேள்வி தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு "எப்போதாவது" என்று பதில் வந்தால்கூட, மொத்த மதிப்பெண் எவ்வளவு என்று பார்க்காமல் அன்றைக்கே உதவி தேடுங்கள்.

மனநல ஆலோசனைக்குப் போகும் காசு எடைக் கணக்கில் சேராது என்று நினைக்காதீர்கள். மனம் தேறாமல் ஒரு நாள்கூட நடைக்குக் கிளம்ப முடியாது.

படி 3: இடுப்புத் தளத் தசைகளுக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட்

என்னைக் கேட்டால் மொத்தப் பட்டியலிலும் பணத்துக்கு அதிகப் பலன் தருவது இதுதான். இரண்டு மூன்று சந்திப்பு போதும், வருடக்கணக்கில் உதவும்.

கர்ப்பப்பை, சிறுநீர்ப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்கும் தசைகள் இவை. கர்ப்பத்தில் சுமை தாங்கி, பிரசவத்தில் விரிந்து, களைத்துப் போயிருக்கும். தும்மினாலோ சிரித்தாலோ சிறுநீர் கசிவது இதன் அறிகுறி. வெளியே சொல்லக் கூச்சப்பட்டுப் பல பெண்கள் வருடக்கணக்கில் பேட் வைத்தே காலம் தள்ளுகிறார்கள். இது விதியல்ல, பயிற்சியால் சரியாகக்கூடியது.

பயிற்சி இதுதான். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். வாயுவையும் சிறுநீரையும் ஒரே நேரத்தில் அடக்குவதுபோல் உள்ளே, மேலே இழுங்கள். தொடை, பிட்டம், வயிறு மூன்றும் தளர்வாக இருக்க வேண்டும், மூச்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஆறு முதல் எட்டு விநாடி பிடித்து, அதே அளவு நேரம் முழுசாகத் தளர்த்துங்கள். தளர்த்துவதும் பயிற்சியின் பாதி. ஆரம்பத்தில் மூன்று விநாடிதான் பிடிக்க முடிகிறதா? சரி, அங்கிருந்தே தொடங்குங்கள். ஒரு தடவைக்கு எட்டு இழுப்பு, நாளுக்கு மூன்று தடவை, குறைந்தது மூன்று மாதம். அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கீகல் 1948இல் எழுதியதிலிருந்து இந்தப் பயிற்சிக்கு அவர் பெயரே நின்றுவிட்டது.

இலவசமாகச் செய்யக்கூடியதற்குப் பிசியோதெரபிஸ்ட் எதற்கு? நிறையப் பேர் இழுப்பதாக நினைத்துக்கொண்டு கீழ்நோக்கி முக்குகிறார்கள். அது நிலைமையை மோசமாக்கும். சரியாகச் செய்கிறோமா என்று தெரிந்தவர் ஒருவர் பார்த்துச் சொன்னால்தான் நிச்சயமாகும். சிலருக்குத் தசை பலவீனமாக இல்லாமல் இறுகிப்போயிருக்கும். அவர்களுக்கு மேலும் இறுக்கும் பயிற்சி வலியைத்தான் கூட்டும்.

வயிற்றுத் தசைகள் நடுவில் பிரிந்திருக்கிறதா என்பதையும் அதே சந்திப்பில் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டிலும் ஓரளவு பார்க்கலாம். அதே மாதிரி படுத்து, தொப்புளுக்கு மேலே விரல்களைக் குறுக்காக வைத்து, தலையை மட்டும் லேசாகத் தூக்குங்கள். இரண்டு பக்கமும் தசை விளிம்பு கைக்குத் தட்டுப்படும். நடுவில் எத்தனை விரல் இறங்குகிறது என்று பாருங்கள். தொப்புளுக்குக் கீழேயும் பாருங்கள். பொதுவாக முதல் எட்டு வாரத்தில் இந்த இடைவெளி தானாகவே குறையும். அதற்குப் பிறகும் இரண்டு விரலுக்கு மேல் இருந்தாலோ, எழும்போது வயிற்றின் நடுவில் நீளவாக்கில் புடைத்தாலோ, பிசியோதெரபிஸ்ட் சொல்லும்வரை படுத்து எழும் வயிற்றுப் பயிற்சிகளைத் தொடாதீர்கள்.

படி 4: தூக்கத்தையும் நேரத்தையும் விலைக்கு வாங்குங்கள்

எடை குறைக்கும் செலவில் யாரும் இதை எழுதுவதில்லை. நான் மூன்றில் ஒரு பங்கையாவது இதற்கு ஒதுக்கச் சொல்வேன். வாரத்தில் சில மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவர், துணி துவைக்க, பாத்திரம் கழுவ, வீடு பெருக்க ஒருவர். உங்களுக்கு எது தோதோ அது.

காரணம் இருக்கிறது. 2008இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், குழந்தைக்கு ஆறு மாதம் இருக்கும்போது நாளுக்கு 5 மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ தூங்கிய அம்மாக்களிடம், வருட முடிவில் 5 கிலோவுக்குக் குறையாமல் எடை தங்கிப்போவது, 7 மணி நேரம் தூங்கியவர்களைவிட அதிகமாகக் காணப்பட்டது. தூக்கம் கெட்டால் பசி கூடும், இனிப்பில் கை போகும், நடக்கத் தெம்பு இருக்காது. இதை அனுபவிக்காத அம்மா யார்?

ஒரே ஒரு நிபந்தனை. காசு கொடுத்து வாங்கிய அந்த நேரத்தில் வீட்டு வேலை செய்யாதீர்கள். தூங்குங்கள், இல்லாவிட்டால் நடங்கள். வாழ்க்கைத் துணை வீட்டில் இருந்தால் இரவு முறையைப் பிரித்துக்கொள்வதற்கு ஒரு காசும் செலவில்லை. அதை முதலில் பேசி முடித்துவிட்டு மீதிக்குப் பணம் போடுங்கள்.

படி 5: சாப்பாடு

பால் கொடுக்கும் அம்மாவுக்கு, கர்ப்பத்துக்கு முன் சாப்பிட்டதைவிட நாளுக்கு 330 முதல் 400 கேலரி வரை கூடுதலாகத் தேவைப்படும். அதனால் பட்டினி கிடக்கும் திட்டங்கள் எதுவும் இப்போது வேண்டாம். பால் வரத்து நிலைத்த பிறகு வாரத்துக்கு அரை கிலோ வீதம் மெதுவாகக் குறைவது பாதுகாப்பானது.

பணத்தை விசேஷ உணவுகளில் போடாமல், ஒரு கையால் எடுத்துச் சாப்பிடக்கூடிய புரதத்தில் போடுங்கள். வேகவைத்த முட்டை, தயிர், அவித்த பயறு, கொட்டைகள் போன்றவை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும்போது கைக்கு எட்டுவதைத்தான் சாப்பிடுவோம், கைக்கு எட்டும்படி எதை வைக்கிறோம் என்பதுதான் கேள்வி. காய்கறியை நறுக்கித் தருபவருக்குக் கொடுக்கும் காசும் வீண் இல்லை. உணவு ஆலோசகரிடம் ஒருமுறை போகலாம், பால் கொடுக்கும் அம்மாக்களுக்கு ஆலோசனை சொன்ன அனுபவம் உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

படி 6: இப்போதுதான் உடற்பயிற்சி

நல்ல ஷூ ஒரு ஜோடி. கர்ப்பத்தில் பாதம் பெரிதாகியிருக்கலாம், பழைய அளவை நம்பாமல் போட்டுப் பார்த்து வாங்குங்கள். சரியாகத் தாங்கும் ஸ்போர்ட்ஸ் பிரா இரண்டு. இழுத்துப் பயிற்சி செய்யும் ரப்பர் பட்டை (ரெசிஸ்டன்ஸ் பேண்ட்) ஒன்று. ஆரம்பத்துக்கு இவ்வளவு போதும்.

உலக சுகாதார நிறுவனம் 2020 வழிகாட்டுதலில், பிள்ளை பெற்ற பெண்களுக்கும் வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பைச் சொல்கிறது. தினம் பத்து நிமிட நடையில் தொடங்கி மெதுவாக அங்கே போய்ச் சேருங்கள். ஓடுவதற்கு அவசரம் வேண்டாம். பன்னிரண்டு வாரத்துக்கு முன் ஓட வேண்டாம் என்பது பிசியோதெரபிஸ்ட்களின் பொதுவான அறிவுரை. அப்போதும் கசிவோ, அடிவயிற்றில் பாரமாக இழுக்கும் உணர்வோ இருந்தால் நிறுத்திவிட்டுப் படி 3க்குத் திரும்புங்கள். உதிரப்போக்கு நின்ற பிறகு மறுபடி வந்தால், உழைப்பு அதிகமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். நிற்காவிட்டால் டாக்டரைப் பாருங்கள்.

ஜிம் வேண்டுமென்றால் ஒவ்வொரு வகுப்புக்கும் தனித்தனியாகக் கட்டுங்கள். மூன்று மாதம் ஒழுங்காகப் போக முடிந்த பிறகு நீண்ட சந்தாவைப் பற்றி யோசிக்கலாம்.

வாங்க வேண்டாதவை

வயிற்று பெல்ட் சிசேரியன் வலிக்கு ஆறுதல் தரலாம், கொழுப்பைக் கரைக்காது. டிடாக்ஸ் டீக்களில் பேதி மருந்து கலந்தவை உண்டு, குறைவது நீர்தான். எடை குறைக்கும் ஊசிகள் இப்போது பரவலாகப் பேசப்படுகின்றன. பால் கொடுக்கும்போது அவை பரிந்துரைக்கப்படுவதில்லை. அடுத்த கர்ப்பம் திட்டமிடுபவர்கள், இந்த ஊசிகளில் ஒன்றான செமாக்ளூடைட் மருந்தைக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். இதையெல்லாம் டாக்டரிடம் பேசாமல் தொடவே தொடாதீர்கள்.

படி 7: மூன்று மாதம் கழித்துக் கணக்குப் பாருங்கள்

எடையை மட்டும் எழுதாதீர்கள். இடுப்புச் சுற்றளவு, எத்தனை மணி தூக்கம், தும்மும்போது கசிவு உண்டா, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, மனம் எப்படி இருக்கிறது என்று ஒரு நோட்டில் வாரம் ஒருமுறை எழுதுங்கள். எந்தச் செலவு இந்த வரிகளில் எதையாவது மாற்றியதோ அதைத் தொடருங்கள். மாற்றாததை நிறுத்தி, அந்தக் காசைப் படி 4க்குத் திருப்பிவிடுங்கள்.

எல்லாம் ஒழுங்காகச் செய்தும் எடை அசையவில்லை, உடம்பு குளிர்கிறது, எழுந்திருக்கவே முடியவில்லை என்றால் உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள். தைராய்டு குறைவாகச் சுரக்கும் கட்டம் பெரும்பாலும் குழந்தைக்கு நான்கு முதல் எட்டு மாதம் ஆகும்போதுதான் தலைகாட்டும். ஆறாவது வாரத்தில் எடுத்த பரிசோதனையில் அது தெரிந்திருக்காது. அதனால் பழைய ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு போய், தைராய்டை இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள்.