பேட்ச் ரீயூனியனுக்கு தேதியும் ஊரும் எப்படி முடிவு பண்றது?

முதல்ல தேதி, அப்புறம்தான் ஊர். வாட்ஸ்அப் குரூப்ல "எப்போ வச்சுக்கலாம்"னு பொதுவா கேட்டா மெசேஜ் கொட்டும், முடிவு மட்டும் வராது, அதனால ரெண்டே ரெண்டு சனி-ஞாயிறு குடுத்து ஓட்டு போடச் சொல்லுங்க, மூணு நாள்ல மூடிடுங்க. என்னைக் கேட்டா ஆடி மாசம்தான் பெஸ்ட், கல்யாணம் காட்சின்னு யாரும் நழுவ முடியாது. மார்ச் வேணவே வேணாம், பசங்களுக்கு பரீட்சை.

சென்னை, பெங்களூரு, கோவைன்னு சிதறிக் கிடக்கிற செட்டுக்கு ஏற்காடு நல்லா ஒத்து வரும், மூணு ஊர்லருந்தும் சேலத்துக்கு ட்ரெயின் இருக்கு, ஜங்ஷன்ல இறங்கி எல்லாரும் ஒரே வேன்ல பழைய கதை பேசிக்கிட்டே மலை ஏறிடலாம், அந்த வேன் பயணமே பாதி ரீயூனியன்! ட்ரெயின் புக்கிங் 60 நாளைக்கு முன்னாடி ஓப்பன் ஆகும், அதுக்குள்ள தேதி உறுதி ஆகியிருக்கணும். முட்டி வலி உள்ளவங்க வந்தா கீழ்த்தளத்துல ரூம் இருக்கான்னு அட்வான்ஸ் குடுக்கிறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க.