மழலையர் கல்வியில் வேலை தேடுகிறீர்களா? கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன் செய்ய வேண்டியவை

‘மாண்டிசோரி டீச்சர் ட்ரெய்னிங், ஆறே மாதம், வேலை உறுதி’ என்ற நோட்டீஸை எந்த ஊர் பஸ் ஸ்டாண்டிலும் பார்க்கலாம். பிளஸ் டூ முடித்த பெண்களும், பிள்ளைகள் பள்ளிக்குப் போக ஆரம்பித்தபின் வேலைக்குத் திரும்ப நினைப்பவர்களும் முதலில் செய்வது அந்த எண்ணுக்குப் போன் போடுவதுதான். நான் தலைகீழாக வரச் சொல்வேன். எந்த வேலை வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அந்த வேலை எந்தச் சான்றிதழைக் கேட்கிறது என்று அடுத்துப் பாருங்கள். பணம் கட்டுவது கடைசி. தமிழ்நாட்டை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

படி 1: வயதைத் தேர்ந்தெடுங்கள்

மழலையர் கல்வி என்றதும் எல்கேஜி வகுப்பறைதான் கண்ணில் வரும். உண்மையில் இந்தத் துறை பிறந்த குழந்தையிலிருந்து தொடங்குகிறது. ஒன்றரை வயதுக் குழந்தைக்கு உடை மாற்றி, ஊட்டி, தூங்க வைப்பது ஒரு வேலை. ஐந்து வயதுக் குழந்தைகள் இருபது பேரைக் கதை சொல்லி ஓரிடத்தில் உட்கார வைப்பது முற்றிலும் வேறு வேலை. ஒன்றை ரசித்துச் செய்பவர் இன்னொன்றில் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்காமல் போகலாம். 0 முதல் 3 வரையா, 3 முதல் 6 வரையா என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

கூடவே ஒரு சட்ட விஷயம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் (2009) 6 வயதிலிருந்து 14 வரைதான். ஆறு வயதுக்குக் கீழே இருப்பவர்களைப் பற்றி அரசியலமைப்பின் 45-வது பிரிவு பேசுகிறது. ஆனால் அரசு ‘முயல வேண்டும்’ என்ற அளவில் நின்றுவிடுகிறது. ஒன்றாம் வகுப்பு ஆசிரியருக்கு என்ன தகுதி என்பது நாடு முழுக்கத் தெளிவாக இருக்க, எல்கேஜி மிஸ்ஸுக்கு மட்டும் பள்ளிக்கொரு தகுதி, தெருவுக்கொரு சம்பளம் என்று இருப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான். கோர்ஸ் வியாபாரம் செழிப்பதும் இதே இடைவெளியில்தான்.

படி 2: அங்கன்வாடியை முதலில் பாருங்கள்

பல ஊர்களில் இன்னும் ‘பால்வாடி’ என்றுதான் சொல்கிறார்கள். இந்த மையங்களை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-ல் தொடங்கியது. அதற்கு அடித்தளம் போட்ட 1972 அறிக்கையைத் தந்த குழுவின் தலைவர் மீனா சுவாமிநாதன். பிற்காலத்தில் சென்னையில் வாழ்ந்து, குழந்தைக் காப்பகங்களுக்காகத் தொடர்ந்து குரல் கொடுத்தவர். இந்தத் துறைக்கு வருபவர்கள் அவரைப் பற்றித் தேடிப் படிப்பது நல்லது.

இன்று தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறையின்கீழ் வருகின்றன, பள்ளிக் கல்வித் துறையின்கீழ் அல்ல. விண்ணப்பம், பதவி உயர்வு, இடமாறுதல் எல்லாமே வேறு வழியில் நடப்பதால் இது முக்கியம்.

தகுதி எளிது. 2025 ஏப்ரலில் வந்த அறிவிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 7,783 இடங்கள்: அங்கன்வாடி பணியாளர் 3,886, குறு அங்கன்வாடி பணியாளர் 305, உதவியாளர் 3,592. பணியாளருக்குப் பன்னிரண்டாம் வகுப்பு தேர்ச்சி, வயது 25 முதல் 35. உதவியாளருக்குப் பத்தாம் வகுப்பு தேர்ச்சி, வயது 20 முதல் 40. கணவரை இழந்தோர் உள்ளிட்ட சில பிரிவினருக்கு வயதில் தளர்வு உண்டு. பெண்கள் மட்டுமே விண்ணப்பிக்கலாம். உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும். தனியார் ட்ரெய்னிங் சான்றிதழ் எதுவும் தேவையில்லை. அங்கன்வாடி வேலைக்காக யாராவது உங்களிடம் ‘டிப்ளமோ’ விற்க வந்தால் நடையைக் கட்டுங்கள்.

சம்பளத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த அறிவிப்பின்படி பணியாளருக்கு முதல் ஓராண்டு மாதம் ரூ.7,700 தொகுப்பூதியம், அதன்பின் ரூ.7,700 – 24,200 என்ற சிறப்புக் காலமுறை ஊதியம். உதவியாளருக்கு ரூ.4,100-ல் தொடங்குகிறது. வேலையின் அளவுக்கு இது குறைவு என்பதே என் கருத்து. பாட்டும் விளையாட்டும் சொல்லித் தருவதோடு அது முடியாது. எடை, உயரம் அளக்க வேண்டும், சத்துமாவு கொடுக்க வேண்டும், கர்ப்பிணிகள் வீட்டுக்குப் போக வேண்டும், தடுப்பூசி நாளில் செவிலியரோடு நிற்க வேண்டும், எல்லாவற்றையும் போஷன் டிராக்கர் செயலியில் ஏற்ற வேண்டும். மறுபக்கம், வீட்டுக்குப் பக்கத்தில் வேலை. ஆண்டுகள் ஓடினால் மேற்பார்வையாளர் பதவிக்கு உயர வழி உண்டு. அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அறிவிப்பு எப்போது வரும் என்று காத்திருக்காமல், உங்கள் வட்டாரக் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலகம் எங்கே இருக்கிறது என்று இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். ‘சிடிபிஓ ஆபீஸ்’ என்றால் யாரும் வழி காட்டுவார்கள். மனையியல், ஊட்டச்சத்து போன்ற பட்டம் இருப்பவர்கள் அந்த சிடிபிஓ பதவிக்கே டிஎன்பிஎஸ்சி வழியாகப் போட்டியிடலாம். பட்டதாரிகள் பலருக்கு அந்தக் கதவு இருப்பதே தெரியாது.

படி 3: தனியார் பள்ளி

வேலை சீக்கிரம் கிடைப்பது இங்கேதான். ப்ளே ஸ்கூல், நர்சரி, மெட்ரிக் பள்ளியின் எல்கேஜி, யுகேஜி வகுப்புகள் எல்லாம் இதில் அடக்கம். ஏப்ரல், மே மாதங்களில் ஆள் எடுப்பார்கள். உங்கள் சுற்றுவட்டாரத்தில் ஐந்தாறு பள்ளிகளைக் குறித்துக்கொண்டு நேரில் போய் ஒரே கேள்வி கேளுங்கள்: “கேஜி டீச்சருக்கு என்ன படிச்சிருக்கணும், மேடம்?” சிலர் டிகிரி போதும் என்பார்கள், சிலர் டிடிஎட் அல்லது பிஎட் கேட்பார்கள், சிலர் மாண்டிசோரி என்பார்கள். இந்தப் பதில்கள்தான் உங்கள் ஊரின் உண்மையான சந்தை நிலவரம்.

மத்திய அரசின் கேந்திரிய வித்யாலயாக்களில் ஒன்றாம் வகுப்புக்கு முன் வரும் பால்வாடிகா வகுப்புகளையும் கவனியுங்கள். 2022-ல் தொடங்கியவை. ஒப்பந்த ஆசிரியர்களுக்கான நேர்காணல் அறிவிப்பு அந்தந்தப் பள்ளியின் இணையதளத்திலேயே வரும். அங்கே தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் உள்ள படிப்பு வேண்டும். ஆறு மாதச் சான்றிதழ் செல்லாது.

படி 4: மாண்டிசோரி என்றால் எந்த மாண்டிசோரி?

குழந்தைகள் உபகரணங்களைக் கையாண்டு தாங்களே கற்கும் முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 1939-ல் பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர் பயிற்சி நடத்தினார். போர் வெடித்தது, இத்தாலியர் என்பதால் திரும்பிப் போக முடியவில்லை. கொடைக்கானலில் சில ஆண்டுகள் தங்கினார். அந்த முறையின் ஒரு முக்கியமான பகுதி நம் மலையில் உருவானது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

ஆனால் அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் போர்டில் எழுதலாம். அவரே 1929-ல் நிறுவிய ஏஎம்ஐ அமைப்பின் பட்டயம் உலகம் முழுவதும் மதிக்கப்படுகிறது. சென்னையில் நவதிஷா அந்தப் பயிற்சியைத் தருகிறது. கட்டணம் அதிகம், படிப்பும் கடுமை. ஒவ்வொரு உபகரணத்தையும் எப்படி எடுத்து வைப்பது என்பதில் தொடங்கிப் பல மணிநேரம் பயிற்சி செய்ய வேண்டும். சேர்வதற்கு முன் இரண்டு விஷயம் கேளுங்கள். சான்றிதழ் கொடுப்பது யார்? பயிற்சிக் காலத்தில் உண்மையான குழந்தைகளோடு எத்தனை மணிநேரம்? இரண்டாவது கேள்விக்கு இழுத்து இழுத்துப் பதில் சொன்னால் வெளியே வந்துவிடலாம்.

படி 5: அதிகம் பேர் எட்டிப் பார்க்காத இடங்கள்

காப்பகங்கள். 2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது வந்த விதிப்படி 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்கள் குழந்தைக் காப்பக வசதி தர வேண்டும். ஐடி வளாகங்கள், ஆலைகள், மருத்துவமனைகள் இருக்கும் ஊர்களில் இதற்கு ஆள் தேவை. கட்டுமானத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக 1969-ல் டெல்லியில் தொடங்கிய மொபைல் கிரெஷஸ் அமைப்பின் வேலையைப் படித்துப் பார்த்தால் ஒரு நல்ல காப்பகம் எப்படி இருக்க வேண்டும் என்று புரியும்.

ஆரம்பநிலைத் தலையீடு. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. நடக்கத் தாமதமாகும் குழந்தை, பேச்சு வராத குழந்தை, ஆட்டிசம் உள்ள குழந்தை என்று ஆறு வயதுக்குள் கண்டுபிடித்துப் பயிற்சி தொடங்கினால் பெரிய வித்தியாசம் தெரியும். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981 முதல் இயங்கும் அமர் சேவா சங்கம், கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து வீடு வீடாக இந்தச் சேவையைக் கொண்டுபோகிறது. சென்னையில் வித்யாசாகர் தொண்டு நிறுவனம், முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கின்றன. சிறப்புக் கல்வி படிப்பதானால் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் அங்கீகாரம் கட்டாயம். பயிற்சி பெற்றவர்கள் தேவையைவிட மிகக் குறைவு, ஆகவே வேலைக்குப் பஞ்சமில்லை.

தொண்டு நிறுவனங்களில் பாடத்திட்டம் எழுதுவது, அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பயிற்சி தருவது போன்ற வேலைகளும் உண்டு. 1995-ல் மும்பை குடிசைப் பகுதி பால்வாடிகளில் தொடங்கிய பிரதம் இதற்கு ஓர் உதாரணம். குழந்தைகளோடு சில ஆண்டுகள் இருந்த பிறகு போனால்தான் இந்த வேலை கைகூடும்.

படி 6: ஒரு நாள் போய் உட்காருங்கள்

பள்ளியிலோ காப்பகத்திலோ அனுமதி கேட்டு ஒரு முழுநாள் ஓரமாக உட்காருங்கள். காலை அழுகையிலிருந்து மதியத் தூக்கம் வரை பார்க்க வேண்டும். மூன்று வயதுக் குழந்தையைக் கோடு போட்ட நோட்டில் எழுத வைக்கிறார்களா, மண்ணில் விளையாட விடுகிறார்களா? டீச்சர் குனிந்து பேசுகிறாரா, நின்றபடி அதட்டுகிறாரா? ஆயாம்மாவை எப்படி நடத்துகிறார்கள்? கடைசியாகச் சொன்னதை வைத்தே அந்த இடத்தில் நீங்கள் எப்படி நடத்தப்படுவீர்கள் என்று கணிக்கலாம்.

படி 7: இப்போது படிப்பு

வேலை முடிவானால் படிப்பு தானாகத் தெரிந்துவிடும். பிளஸ் டூ முடித்து வீட்டிலிருந்தே படிக்க வேண்டும் என்றால் இக்னோவின் மழலையர் பராமரிப்பு மற்றும் கல்விப் பட்டயம் இருக்கிறது, குறைந்தது ஓராண்டு. நேரில் படிக்க முடிந்தால் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் அங்கீகரித்த இரண்டாண்டு முன்பருவக் கல்விப் பட்டயம் கனமானது. பிளஸ் டூவில் 50 சதவீத மதிப்பெண் கேட்பார்கள். பட்டப்படிப்பு என்றால் கோவை அவினாசிலிங்கம் போன்ற இடங்களில் மனித மேம்பாடு படிக்கலாம். எந்த நிறுவனமாக இருந்தாலும் அங்கீகாரத்தை அவர்கள் காட்டும் ஃபிரேம் போட்ட தாளில் பார்க்காமல், குழுமத்தின் இணையதளத்தில் நீங்களே தேடிச் சரிபாருங்கள்.

படி 8: நேர்காணல்

டெமோ கிளாஸ் கேட்பார்கள். சாக்பீஸை எடுத்து ‘அ’ எழுதித் தொடங்காதீர்கள். ஒரு பாட்டு, ஒரு பை நிறைய இலைகளும் கூழாங்கற்களும், ஒரு சின்னக் கதை போதும். பத்து நிமிடத்தில் குழந்தைகள் உங்களைவிட அதிகம் பேசியிருந்தால் டெமோ நன்றாகப் போனது என்று அர்த்தம்.

அவர்கள் கேட்டு முடித்ததும் நீங்கள் கேளுங்கள்: ஒரு வகுப்பில் எத்தனை குழந்தைகள், உதவிக்கு ஆள் உண்டா, மே மாதச் சம்பளம் உண்டா, பிஎஃப் பிடிக்கிறார்களா, அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வார்களா? கடைசிக் கேள்விக்கு ‘ஆமாம்’ என்று பதில் வந்தால் அடுத்த பள்ளிக்குப் போங்கள்.