புதுசா இவி கார் எடுத்தவங்களுக்கு: சார்ஜ் பயம், கரண்ட் பில், ரெண்டுக்கும் ஒரே கணக்கு

எங்க அபார்ட்மென்ட்ல இப்ப வரிசையா இவி, அதாவது எலெக்ட்ரிக் கார் வந்துட்டு இருக்கு, வாங்கினவங்க லிஃப்ட்ல என்னைப் பாத்தா கேக்குறது ரெண்டே கேள்விதான், நடுவழில நின்னுடாதா, கரண்ட் பில் எவ்ளோ ஏறும். தாம்பரத்துல இருந்து தினமும் ஆபீசுக்கும், அப்பப்ப திருச்சி பக்கம் ஊருக்கும் மூணு வருஷமா இவிலதான் போயிட்டு வர்றேன். அந்த ரெண்டு கேள்விக்கும் பதில் ஒரே நம்பர்லதான் இருக்குங்கறது எனக்குப் புரியவே ஆறு மாசம் ஆச்சு, உங்களுக்கு அது முதல் வாரத்துலயே தெரியணும்னு நெனச்சுதான் இதை எழுதுறேன்.

அந்த நம்பர்: ஒரு யூனிட் கரண்ட்ல உங்க வண்டி, உங்க கைல, எத்தனை கிலோமீட்டர் ஓடுது.

பேட்டரி சைஸை கிலோவாட் ஹவர்னு போட்டிருப்பாங்க, அது ஒண்ணும் புதுசு இல்ல, இபி கார்டுல எழுதுற அதே யூனிட்தான். 40 கிலோவாட் ஹவர் பேட்டரின்னா 40 யூனிட் பிடிக்கிற டேங்க். வண்டி டிஸ்ப்ளேல ஒரு கிலோமீட்டருக்கு இத்தனை வாட் ஹவர்னு காட்டும், ஒரு யூனிட்ங்கறது 1000 வாட் ஹவர், அதனால 1000-ஐ அந்த நம்பரால வகுத்துக்கோங்க, 160 காட்டினா ஆறேகால் கிலோமீட்டர். முதல் வாரம் டிரிப் மீட்டரை ஜீரோ பண்ணிட்டு எப்பவும் போல ஓட்டுங்க, சிட்டிக்கு ஒரு நம்பர், ஹைவேக்கு ஒரு நம்பர் தனித்தனியா குறிச்சு வைங்க. ரெண்டையும் கலந்து ஆவரேஜ் எடுத்தா ஊருக்குப் போறப்ப அது உதவாது.

கம்பெனி பேப்பர்ல இருக்கற ரேஞ்சை அப்படியே நம்பி டிரிப் போடாதீங்க. அது பொய்னு சொல்லல, அந்த டெஸ்ட் வேற மாதிரி. நம்ம ஊர் டெஸ்ட்ல ஸ்பீடு 90-ஐத் தாண்டாது, ஏசி ஓடாது, நிறைய நேரம் மெதுவாதான் போகும். டாடா நெக்ஸான் இவி கார்ல 45 யூனிட் மாடலுக்கு டெஸ்ட் ரேஞ்ச் 489, ஆனா நிஜமா ரோட்டுல 350-ல இருந்து 370 வரைக்கும்தான்னு டாடாவே தனியா போட்டிருக்காங்க. வேற எந்த வண்டியா இருந்தாலும் பேப்பர்ல இருக்கறதுல முக்கால்வாசியை எடுத்துக்கோங்க, ஹைவேல ஃபேமிலியோட போறப்ப அதுக்கும் கொஞ்சம் கீழ வைங்க.

இப்ப ஹைவே கணக்குக்கு வரேன், பயம் எல்லாம் அங்கதான இருக்கு. எங்க வண்டி 40.5 யூனிட். தாம்பரத்துல இருந்து உளுந்தூர்பேட்டை சுமார் 175 கிலோமீட்டர். மணிக்கு 85-ல நிதானமா போனா எனக்கு யூனிட்டுக்கு 6.3 கிலோமீட்டர் கிடைக்கும், அப்ப 28 யூனிட் செலவு, இறங்குறப்ப 30 பர்சென்ட் மிச்சம் இருக்கும். அதே ரோடு அதே வண்டி 105-ல போனா யூனிட்டுக்கு 5 தான், 35 யூனிட் போயிடும், மிச்சம் 14 பர்சென்ட். காத்து எதிர்க்கிற எதிர்ப்பு ஸ்பீடோட வர்க்கத்துல ஏறுது, அதனாலதான் இவ்ளோ வித்தியாசம். 105-ல போய் மிச்சம் பண்ற நேரம் இருபத்தஞ்சு நிமிஷத்துக்குள்ள, ஆனா கூடுதலா செலவான அந்த 7 யூனிட்டை 30 கிலோவாட் சார்ஜர்ல (மணிக்கு 30 யூனிட் ஏத்தும்) ஏத்த கால் மணி நேரம் நிக்கணும், 150 ரூபாய் தரணும், அப்ப நிஜமா கிடைச்சது பத்து நிமிஷம். நான் இப்ப 85-90 தாண்டுறதில்ல.

ஏசியைப் பத்தி நிறைய பேர் தப்பா நெனைக்கிறாங்க. நம்ம வெயிலுக்கு ஏசி மணிக்கு ஒரு யூனிட், சில சமயம் ஒன்றரை யூனிட் எடுக்கும், அது மணி கணக்குதான், கிலோமீட்டர் கணக்கு இல்ல. ஜிஎஸ்டி ரோடு டிராஃபிக்ல மணிக்கு 20 கிலோமீட்டர் ஊர்ந்தா ஏசி தின்னறது பெருசா தெரியும், ஹைவேல 80-ல போறப்ப அதே ஒரு மணி நேரத்துல 80 கிலோமீட்டர் போயிடுறோம், அவ்ளோ பெருசா தெரியாது. ஹைவேல சார்ஜ் கம்மியா இருந்தா முதல்ல ஸ்பீடைக் குறைங்க, ஏசில கை வைக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது.

இதை நான் கத்துக்கிட்டது எங்க முதல் ஊர் டிரிப்ல. ஒரே ஒரு சார்ஜரை மேப்ல பாத்து வெச்சுட்டு கிளம்பினோம், 11 பர்சென்ட்ல அங்க போய் நின்னா மெஷின் ஸ்கிரீனே எரியல, செக்யூரிட்டி அண்ணன் "நாலு நாளா இப்படித்தான் சார் இருக்கு"ன்னாரு. அடுத்தது 22 கிலோமீட்டர் தள்ளி. மே மாசம், மதியம், பின்னாடி சீட்ல பொண்ணு தூங்கிட்டு இருக்கா, ஏசியை ஆஃப் பண்ணிட்டு 50-ல ஓட்டினேன், 4 பர்சென்ட்ல போய்ச் சேர்ந்தோம், குழந்தை வேர்வைல நனைஞ்சு எழுந்து அழுதா. வீட்டுக்கு வந்து உக்காந்து கணக்குப் போட்டுப் பாத்தா ஏசி ஆஃப் பண்ணதால கிடைச்சது வெறும் மூணு கிலோமீட்டர், எங்களைக் காப்பாத்தினது அந்த 50 ஸ்பீடுதான். இன்னைக்கும் நெனச்சா மனசு கஷ்டமா இருக்கு, அவ அழுதிருக்கவே வேண்டாம்.

அதுக்கப்பறம் எங்க வீட்டு ரூல் இதுதான்: முதல் சார்ஜர் வேலை செய்யலன்னா ரெண்டாவதுக்குப் போற அளவுக்கு மிச்சம் வெச்சுத்தான் முதல்ல போய் நிக்கணும், நடைமுறைல 20 பர்சென்ட்டுக்குக் குறையாம. சென்னை திருச்சி மதுரை ரோட்டுல இது இப்ப கஷ்டமே இல்ல, 2022-ல பாரத் பெட்ரோலியம் அந்த ரூட்ல பங்க்குகள்ல ஃபாஸ்ட் சார்ஜர் வெச்சு ஆரம்பிச்சாங்க, அதுக்கப்பறம் ஜியான், டாடா பவர், ஸ்டாட்டிக்னு நிறைய சார்ஜர் கம்பெனிங்க வந்தாச்சு. மெயின் ரோட்டை விட்டு உள்ள போற ஊர்களுக்குத்தான் பிளான் தேவை. பிளக்ஷேர் ஆப்ல ஒவ்வொரு சார்ஜர்லயும் கடைசியா யார் எப்ப சார்ஜ் போட்டாங்கன்னு பாருங்க, நேத்து ஒருத்தர் போட்டிருந்தா நம்பலாம், ரெண்டு மாசமா யாரும் போடலன்னா அதை லிஸ்ட்லயே சேக்காதீங்க. மூணு ஆப்லயாவது வீட்ல இருக்கப்பவே ரிஜிஸ்டர் பண்ணி வாலட்ல பணம் போட்டு வைங்க, அங்க போய் டவர் கிடைக்காம ஓடிபி வராம நிக்கறது ரொம்பக் கொடுமை.

சார்ஜர் மேல 120 கிலோவாட்னு எழுதியிருந்தா 120 கிடைக்கும்னு இல்ல, உங்க வண்டி 50 தான் வாங்கும்னா 50 தான், அதே மெஷினோட பக்கத்து கன்ல (வண்டில சொருகுற கேபிள் முனை) இன்னொரு வண்டி இருந்தா பவர் பிரிஞ்சு போகவும் செய்யும். 80 பர்சென்ட் தாண்டினா வேகம் குறைஞ்சுடும், கடைசி 20 ஏற ஆகுற நேரத்துல பாதி தூரம் போயிருக்கலாம், அதனால 80 ஆனதும் கழட்டிட்டு கிளம்புங்க, பின்னாடி ஒருத்தர் காத்துட்டு இருப்பாரு. பொங்கல் தீபாவளிக்கு ஊருக்குப் போறவங்க காலைல நாலு மணிக்குக் கிளம்பிடுங்க, எட்டு மணிக்கு மேல க்யூ நிக்கும்.

ஓட்டுறப்ப டிஸ்ப்ளேல மிச்சம் இத்தனை கிலோமீட்டர்னு காட்டுறதைப் பாக்காதீங்க, அது நீங்க இதுவரைக்கும் ஓட்டின லட்சணத்தை வெச்சு சொல்ற யூகம், சிட்டில ஓட்டிட்டு ஹைவே ஏறினா அது தப்பாத்தான் காட்டும். பர்சென்ட்டைப் பாருங்க. எங்க வண்டில ஒரு பர்சென்ட்டுக்கு ரெண்டரை கிலோமீட்டர், மனக்கணக்காவே போட்டுடுவேன். இன்னொண்ணு, இவி பேட்டரில எல்எஃப்பி, என்எம்சின்னு ரெண்டு வகை செல் வரும், எல்எஃப்பி செல் இருக்கற வண்டிகள்ல அப்பப்ப வீட்டு ஸ்லோ சார்ஜர்ல 100 வரைக்கும் ஏத்தணும், இல்லன்னா பர்சென்ட்டே தப்பாக் காட்டும், 15 இருக்குன்னு நெனைப்பீங்க திடீர்னு 6-க்கு இறங்கும். என்எம்சி செல்லுன்னா தினசரி 80 போதும். உங்களது எதுன்னு மேனுவல்ல பாருங்க.

மலை ஏறுறதுக்குத் தனி கணக்கு இருக்கு. வத்தலக்குண்டுல இருந்து கொடைக்கானல் கிட்டத்தட்ட 1800 மீட்டர் உயரம் ஏறணும், ஆளுங்களோட சேத்து 1900 கிலோ வண்டின்னா உயரத்துக்கு மட்டும் 9-10 யூனிட், தூரத்துக்கு ஆகுறது அது போக. எங்க பேட்டரில கால்வாசி அது. பயப்பட வேண்டாம், இறங்குறப்ப அதுல பாதிக்கு மேல ரீஜென்ல (வேகம் குறையறப்ப மோட்டாரே பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துறது) திரும்ப வரும், ஆனா மேல ஹோட்டல்ல 100 போட்டுட்டு இறங்காதீங்க, பேட்டரி நிறைஞ்சிருந்தா ரீஜென் சரியா வேலை செய்யாது, முழு பாரமும் பிரேக் மேல வரும். 80-85 போதும்.

ஒருவேளை நின்னே போச்சுன்னா, கயிறு கட்டி இழுக்க விடாதீங்க, மோட்டார் வீல் கூடவே சுத்தி பழுதாகலாம். காரை முழுசா மேல ஏத்திட்டுப் போற பிளாட்பெட் வண்டிதான் வரணும், ரோடுசைடு அசிஸ்டன்ஸ் நம்பரை போன்ல இன்னைக்கே சேவ் பண்ணுங்க.

சரி, காசு விஷயம். "கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்"னு ஷோரூம்ல சொல்றதை நம்ம இபி பில்லுக்கு அப்படியே பொருத்த முடியாது. தமிழ்நாட்டுல ரெண்டு மாசத்துக்கு ஒரு பில், முதல் 100 யூனிட் ஃப்ரீ, 400 வரைக்கும் யூனிட் 5 ரூபாய்க்குள்ளதான், ஆனா 500 தாண்டினா எட்டரை, 600 தாண்டினா ஒன்பதரைக்கு மேல, 1000 தாண்டினா கிட்டத்தட்ட 12. இது 2024 ஜூலை கட்டணம். காரோட யூனிட் எப்பவும் வீட்டு யூனிட்டுக்கு மேலதான் போய் உக்காரும், அதனால கார் சாப்பிடுற கரண்ட்டுக்கு உங்க மேல் ஸ்லாப் ரேட்தான், போதாததுக்கு மொத்தம் 500 தாண்டினதும் 101-ல இருந்து 200 வரைக்கும் கிடைக்கிற குறைஞ்ச ரேட்டும் போயிடும்.

எங்க வீட்டை மாதிரி ரெண்டு மாசம் 400 யூனிட் ஓடுற வீடுன்னு வைங்க. மாசம் 1000 கிலோமீட்டர், யூனிட்டுக்கு ஆறரைன்னா 154 யூனிட், சார்ஜ் ஏறுறப்ப சூடாவும் மத்ததாவும் பத்து பதினஞ்சு பர்சென்ட் வீணாகும், அப்ப சுவத்துல இருந்து எடுக்கறது 175, ரெண்டு மாசத்துக்கு 350. பில் 1,200 ரூபாய்ல இருந்து 4,400 பக்கம் போகும், காருக்கு மட்டும் 3,200, கிலோமீட்டருக்கு ஒண்ணு அறுபது. பெட்ரோல் கார் 15 மைலேஜ்னா, லிட்டர் 101 வெச்சு, அதே 2000 கிலோமீட்டருக்கு சுமார் 13,500. ரெண்டு மாசத்துக்குப் பத்தாயிரம் மிச்சம், எங்க வீட்ல அது பொண்ணு ஸ்கூல் ஃபீஸுக்குப் போகுது.

ஆனா வீட்ல சார்ஜ் போட வழியில்லாம முழுக்க வெளிய போடுறீங்கன்னா கணக்கு வேற. ஃபாஸ்ட் சார்ஜர்ல யூனிட் 18-ல இருந்து 25 வரைக்கும், ஆப்ல காட்டுற ரேட்ல 18 பர்சென்ட் ஜிஎஸ்டி சேந்திருக்கான்னும் பாக்கணும். 22 ரூபாய்னா கிலோமீட்டருக்கு மூணே முக்கால் பக்கம் வந்துடும், 18 மைலேஜ் தர்ற டீசல் காருக்கும் அதுக்கும் ஒன்றரை ரூபாய்தான் வித்தியாசம். பார்க்கிங்ல பிளக் பாயின்ட் கிடைக்காதவங்க, மாசம் 600-700 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுறவங்க, தயவுசெஞ்சு அவசரப்படாதீங்க, முதல்ல அசோசியேஷன்ல பேசி உங்க மீட்டர்ல இருந்து பார்க்கிங்குக்கு லைன் இழுக்க சம்மதம் வாங்குங்க, அதுக்கப்பறம் வண்டி புக் பண்ணுங்க.

வீட்டு லைன் விஷயத்துல காசு பாக்காதீங்க. வண்டியோட வர்ற கேபிளுக்கு 15 ஆம்ப்ஸ் பாயின்ட் போதும், ஆனா அது ராத்திரி முழுக்க எட்டு பத்து மணி நேரம் இழுக்கும், அயர்ன் பாக்ஸ் மாதிரி பத்து நிமிஷம் இல்ல. அதனால மெயின் போர்டுல இருந்து தனி வயர், தனி எம்சிபி (லோடு கூடினா ட்ரிப் ஆகுற சுவிட்ச்), ஆர்சிசிபி (கரண்ட் லீக்கானா ட்ரிப் ஆகுறது), ஒழுங்கான எர்த். பழைய வீடுகள்ல எர்த் சரியில்லன்னா சார்ஜரே ஏறாது, வண்டி ரிப்பேர்னு நெனச்சு சர்வீசுக்கு ஓடாதீங்க, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம், உருகின பிளக்கை நான் கண்ணால பாத்திருக்கேன். சுவத்துல மாட்டுற 7.2 கிலோவாட் சார்ஜர் பாக்ஸ் போடணும்னா முதல்ல இபி கனெக்ஷன்ல சாங்ஷன் லோடு, அதாவது உங்களுக்கு அனுமதிச்ச கிலோவாட், எவ்ளோன்னு பாருங்க. சொந்த மொட்டை மாடி இருந்தா சோலார் யோசிங்க, 3 கிலோவாட் போட்டா மத்திய அரசு மானியம் 78,000, ஒரு நாளைக்கு சுமார் 12 யூனிட் வரும்.

சர்வீஸ் செலவு கம்மிதான், ஆயில் இல்ல, பிரேக் பேட் ரொம்ப நாள் வரும். டயர் மட்டும் சீக்கிரம் தேயும், வண்டி வெயிட்டு, டார்க்கும் (இழுக்கற விசை) ஜாஸ்தி. சின்ன 12 வோல்ட் பேட்டரி ஒண்ணு இதுலயும் இருக்கு, அது செத்தா பெரிய பேட்டரி ஃபுல்லா இருந்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகாது. இன்சூரன்ஸ்ல தர்ட் பார்ட்டிக்கு 15 பர்சென்ட் தள்ளுபடி உண்டு, ஆனா பேட்டரி விலையால மொத்த பிரீமியம் கொஞ்சம் கூடத்தான் வரும், ரெண்டு மூணு இடத்துல கேட்டுப் பாத்து போடுங்க. லோன் வட்டிக்கு இன்கம் டாக்ஸ் சலுகைன்னு யாராவது சொன்னா, அது 2023 மார்ச் 31 வரைக்கும் சாங்ஷன் ஆன லோனுக்குத்தான்.

கடைசியா சென்னைக்காரங்களுக்கு ஒண்ணு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல பல ஏரியால நாள் கணக்கா கரண்ட் இல்ல. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வண்டியை 50 பர்சென்ட்டுக்குக் கீழ விடாதீங்க, புயல் எச்சரிக்கை வந்த அன்னைக்கு ஃபுல் பண்ணிட்டு மேடான இடத்துல கொண்டு போய் நிறுத்திடுங்க, பேஸ்மென்ட்ல விடாதீங்க.