பாண்ட் படம் தள்ளிப்போகும்போது பழைய படங்களைக் கூடிப் பார்ப்பது எப்படி?

ஜேம்ஸ் பாண்ட் வரிசையின் 25ஆவது படமான 'நோ டைம் டு டை' 2021 செப்டம்பர் 30ஆம் தேதி இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. அடுத்த படத்தை டெனி வில்னெவ் இயக்குவார் என்ற அறிவிப்பு 2025 ஜூன் மாதத்தில்தான் வெளியானது. இடையில் இத்தனை ஆண்டுகள் ஓடிவிட்ட நிலையில், காத்திருக்கும் காலத்தைப் பழைய படங்களோடு கழிக்க விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெருந்தொற்றுக் காலத்தில் தக்கலைக்கு அருகிலுள்ள எங்கள் ஊரில் நாங்கள் ஆறேழு பேர் கூடி இந்த வரிசையைப் பார்த்தோம். எந்தப் படத்துக்குப் பின் எதைப் பார்க்க வேண்டும் என்பதை அப்போதுதான் பட்டுத் தெரிந்துகொண்டோம்.

முதலில், தாமதம் இந்த வரிசைக்குப் புதிதல்ல என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1989இல் 'லைசென்ஸ் டு கில்' வந்த பிறகு, உரிமை தொடர்பான வழக்குகளால் 1995இல் 'கோல்டன்ஐ' வரும்வரை ஆறு ஆண்டுகள் படமே இல்லை. 2010இல் இந்தப் படங்களுக்குப் பின்னணியில் இருந்த ஹாலிவுட் நிறுவனமான எம்.ஜி.எம். கடனில் மூழ்கியபோது 'ஸ்கைஃபால்' நின்றுபோய், 2012இல்தான் வெளிவந்தது. 'நோ டைம் டு டை' படமோ தொற்றின் காரணமாக மட்டும் மூன்று முறை தள்ளிப்போனது. 2020 ஏப்ரலில் வரவேண்டியதை அந்த ஆண்டு மார்ச் 4ஆம் தேதியே நவம்பருக்கு மாற்றினார்கள். அக்டோபர் தொடக்கத்தில் 2021 ஏப்ரலுக்கும், பின்னர் 2021 இலையுதிர் காலத்துக்கும் தள்ளினார்கள். பில்லி ஐலிஷ் பாடிய தலைப்புப் பாடல் 2020 பிப்ரவரியில் வெளியாகி, படம் வருவதற்கு முன்பே கிராமி விருதையும் வாங்கிவிட்டது. பாட்டைக் கேட்டுக் கேட்டே எங்களில் பாதிப்பேருக்கு அது மனப்பாடமாகிவிட்டது.

அந்தக் காத்திருப்புக் காலத்தில் இந்த வரிசையின் மூத்த முகங்கள் ஒவ்வொருவராக மறைந்தார்கள். 'கோல்ட்ஃபிங்கர்' படத்தின் ஆனர் பிளாக்மன் 2020 ஏப்ரலிலும், 1969இல் வந்த 'ஆன் ஹெர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்' படத்தின் நாயகி டயானா ரிக் செப்டம்பரிலும், முதல் பாண்டான ஷான் கானரி அக்டோபர் 31ஆம் தேதியும், 'லிவ் அண்ட் லெட் டை' படத்தின் வில்லன் யாஃபெட் கோட்டோ 2021 மார்ச்சிலும் காலமானார்கள். கானரியின் மறைவுச் செய்தி வந்த வாரத்தில்தான், புதிய படத்துக்காக வருந்திக்கொண்டிருப்பதை விட்டுவிட்டுப் பழைய படங்களை முறையாகப் பார்ப்போம் என்று முடிவெடுத்தோம்.

இடம், நேரம், ஒலி

வாரத்துக்கு ஒரு படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு படங்களை ஒரே நாளில் போட்டால் பேசுவதற்கு நேரம் இருக்காது, பேச்சில்லாமல் கூடிப் பார்ப்பதில் பயனும் இல்லை. நாளைக் குறிப்பதற்கு முன்னர், உங்களோடு பார்க்கப்போகிறவர்களின் வேலை நேரத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் குழுவில் மூத்தவரான மாமா ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர். விடியும் முன் எழுந்து தோட்டத்துக்குப் போக வேண்டியவரை இரவு பதினொரு மணிவரை உட்கார வைக்க முடியாது. ஆகவே மாலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்குள் முடிப்பது என்று வகுத்தோம். நல்ல மழை பெய்தால் மறுநாள் வெட்டு இருக்காது என்பதால், நீளமான படங்களை மழை நாட்களுக்கு ஒதுக்கினோம்.

மழையால் வரும் சிக்கலையும் சொல்ல வேண்டும். நாங்கள் பார்த்தது மாடியில் தகரக்கூரை வேய்ந்த அறையில். ஐப்பசி மழை கூரையில் விழத் தொடங்கினால் கதாபாத்திரங்கள் வாயசைப்பது மட்டுமே தெரியும். முதல் வாரம் ஒலிபெருக்கியை உச்சத்தில் வைத்துப் பார்த்துத் தோற்றோம். இரண்டாம் வாரத்திலிருந்து ஆங்கில ஒலியோடு சப்டைட்டில் போட்டுப் பார்த்தோம். தமிழ் டப்பிங் கிடைத்தாலும் கானரி, ரோஜர் மூர் படங்களை அவர்களுடைய குரலிலேயே கேட்பது நல்லது என்பது என் கருத்து. அந்த நிதானமான பேச்சுதான் அவர்களுடைய நடிப்பில் பாதி. வாசிக்கச் சிரமப்படுகிறவர்கள் இருந்தால், ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே வரலாம். மாமாவுக்கு நான்தான் அப்படிச் சொன்னேன்.

ஓ.டி.டி. தளங்களில் இந்தப் படங்கள் ஓரிடத்தில் நிலையாக இருப்பதில்லை. ஆகவே பட்டியல் போடும் முன்பாகவே எல்லாப் படங்களும் எங்கே முறைப்படி கிடைக்கின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள். கிடைக்காததற்கு டிஸ்க் தேடுங்கள். மின்தடைக்கு யு.பி.எஸ். ஏற்பாடும், அவித்த மரச்சீனிக் கிழங்கும், காந்தாரி மிளகுச் சம்மந்தியும், கட்டன் சாயாவும் இருந்தால் மற்றவை தானாக நடக்கும்.

எந்த வரிசை?

பலரும் 1962இல் வந்த 'டாக்டர் நோ' படத்தில் தொடங்கி ஆண்டு வாரியாக வருவார்கள். அதைப் பரிந்துரைக்கமாட்டேன். அப்படித் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் எழுபதுகளின் நடுவில் சோர்ந்து நின்றுவிடுகிறார்கள். இறுதிப் படத்துக்கு எது வேர் என்பதும் அவர்களுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

டேனியல் கிரெய்க் பாண்டாக நடித்த 'கேசினோ ராயல்' (2006) படத்தில் தொடங்குங்கள். 007 என்ற எண்ணிலுள்ள இரட்டைப் பூஜ்யத்தை, அதாவது கொல்வதற்கான உரிமத்தை, பாண்ட் பெறுவதே அங்கேதான் என்பதால் புதியவருக்கும் புரியும். அதற்கு அடுத்த வாரமே 'குவாண்டம் ஆஃப் சோலஸ்' (2008) பார்த்துவிட வேண்டும். முந்தைய படம் முடிந்த சற்று நேரத்திலேயே இதன் கதை தொடங்குகிறது, இடைவெளி விட்டால் யார் யாரைத் துரத்துகிறார்கள் என்பதே மறந்துவிடும். 106 நிமிடங்களில் முடிகிற இது, வரிசையிலேயே சிறிய படங்களில் ஒன்று.

இதன்பின் கானரிக்குத் திரும்புங்கள். 'டாக்டர் நோ', 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' (1963), 'கோல்ட்ஃபிங்கர்' (1964) ஆகிய மூன்றும் போதும். மூன்றாவதில் வரும் ஆஸ்டன் மார்ட்டின் டி.பி.5 காரின் இருக்கை ஆளைத் தூக்கி எறிவதைப் பார்த்த பிறகு 'ஸ்கைஃபால்' பார்த்தால், அதே காரில் பாண்டின் மேலதிகாரியான 'எம்' அம்மையார் உட்கார்ந்திருக்கையில் பாண்ட் கியர் மேலுள்ள பொத்தானைத் தடவும் இடத்தில் எல்லோரும் ஒருசேரச் சிரிப்பார்கள். பழைய படங்களைப் பார்க்காதவர்களுக்கு அந்த இடம் வெறுமனே கடந்துபோகும்.

இந்தப் பழைய படங்களில் பெண்களை நடத்தும் விதம் பல இடங்களில் முகம் சுளிக்க வைக்கும். 'கோல்ட்ஃபிங்கர்' படத்தின் வைக்கோல் கொட்டகைக் காட்சி அப்படிப்பட்டது. 'யூ ஒன்லி லிவ் ட்வைஸ்' (1967) படத்தில் கானரியை ஜப்பானியராக வேடமிட வைத்திருப்பதும் இன்று பார்க்கக் கூசுகிறது. இளையவர்கள் உடன் இருந்தால் படத்துக்கு முன்பே இதைச் சொல்லிவிடுங்கள்; படம் முடிந்ததும் அதைப் பற்றிப் பேசுங்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் கேட்ட கேள்விகள் எங்களையும் யோசிக்க வைத்தன.

1967ஆம் ஆண்டுப் படத்தை விட்டுவிட முடியாததற்குக் காரணம், வில்லன் புளோஃபெல்டின் முகம் முதன்முதலில் தெரிவது அதில்தான். புளோஃபெல்ட் பாத்திரம் பிறந்த 'தண்டர்பால்' கதையின் உரிமை தொடர்பாக கெவின் மெக்லோரி என்பவரோடு பல பத்தாண்டுகள் நீடித்த வழக்கினால், 1971க்குப் பிறகு புளோஃபெல்டையும் அவனுடைய ஸ்பெக்டர் என்ற குற்றக் கும்பலையும் தயாரிப்பாளர்கள் வெளிப்படையாகப் பயன்படுத்த முடியவில்லை. 2013 நவம்பரில் அந்த உரிமை கைக்கு வந்த பிறகே 2015இல் 'ஸ்பெக்டர்' என்ற பெயரிலேயே ஒரு படம் எடுக்க முடிந்தது. எனவே 'யூ ஒன்லி லிவ் ட்வைஸ்' முடித்துவிட்டு 'ஸ்பெக்டர்' பார்ப்பதே முறை.

ரோஜர் மூரின் படங்களில் 'த ஸ்பை ஹூ லவ்டு மீ' (1977) ஒன்றைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். கார் கடலுக்குள் பாய்ந்து நீர்மூழ்கியாக மாறும் காட்சிக்காகவே பிள்ளைகள் மறுமுறை கேட்பார்கள். உதய்பூரில் எடுத்த 'ஆக்டோபஸி' (1983) படத்தில் இந்தியாவைக் காட்டும் விதம் எனக்கு உவப்பாக இல்லை. ஆனால் சென்னையின் டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் ஆட்டோ துரத்தலில் டென்னிஸ் மட்டையாலேயே எதிரிகளை அடிப்பதை நம் ஊர்க்காரர்கள் கைதட்டாமல் பார்ப்பது கடினம். தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் என்று பெயர் பெற்ற ஜெய்சங்கரின் படங்களை எங்கள் மாமா நினைவுகூர்ந்து பேசத் தொடங்கியதும் அன்றுதான்.

கடைசிக்கு முந்தைய வாரம்

நான் எல்லாவற்றையும்விட வலியுறுத்துவது இதைத்தான். 'ஆன் ஹெர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்' (1969) படத்தைக் கடைசிப் படத்துக்கு நேர் முந்தைய வாரத்தில் வையுங்கள். ஜார்ஜ் லேசன்பி பாண்டாக நடித்த ஒரே படம் இது. அவர் கானரி இல்லை என்பதற்காகவே பலர் இதைத் தவிர்த்துவிடுகிறார்கள். அப்படித் தவிர்த்தவர்களில் நானும் ஒருவன், பல ஆண்டுகள். 142 நிமிட நீளமுள்ள இந்தப் படத்தில் லூயி ஆம்ஸ்ட்ராங் பாடும் ஒரு காதல் பாடல் இருக்கிறது. 'உலகத்து நேரமெல்லாம் நம்முடையதுதான்' என்பது அதன் பல்லவியின் பொருள். பாண்டும் அந்தச் சொற்களைப் படத்தில் பேசுகிறார். எந்தச் சூழலில் என்பதை இங்கே எழுதமாட்டேன்; உங்கள் குழுவிலும் முன்பே பார்த்தவர் எவராக இருந்தாலும் வாய் திறக்கக்கூடாது என்று உறுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கள் மாடியில் அந்தப் படம் முடிந்தபோது யாரும் எழுந்து விளக்கைப் போடவில்லை. மழை விட்டிருந்தது, கூரை விளிம்பிலிருந்து சொட்டும் தண்ணீர் மட்டும் கேட்டது. சிறிது நேரம் கழித்து மாமா, "இப்பிடி முடிச்சுப் போட்டானே மக்கா" என்றார்.

அன்றைக்கே இன்னொன்றும் செய்யலாம். 'ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி' (1981) படத்தின் முதல் இரண்டு நிமிடங்களை மட்டும் போட்டுக் காட்டுங்கள். மூர் கையில் பூக்களோடு எங்கே போய் நிற்கிறார், அங்கே என்ன எழுதியிருக்கிறது என்பது 1969ஆம் ஆண்டுப் படத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் புரியும். நடிகர் மாறினாலும் மனிதன் ஒருவன்தான் என்று பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துப் படமெடுத்தவர்கள் நினைவூட்டியிருக்கிறார்கள்.

கடைசிப் படம்

'நோ டைம் டு டை' வந்தபோது தமிழ்நாட்டுத் திரையரங்குகளில் பாதி இருக்கைகளுக்கு மட்டுமே அனுமதி இருந்தது. கேரளத்தில் திரையரங்குகள் அக்டோபர் 25ஆம் தேதிவரை திறக்கவே இல்லை. வழக்கமாகத் திருவனந்தபுரம் போய்ப் படம் பார்க்கும் களியக்காவிளை, கொல்லங்கோட்டு நண்பர்களும் அதனால் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். ஓர் இருக்கை விட்டு ஓர் இருக்கையில், முகக்கவசத்தோடு, தொட்டாலே ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவும் ஆயுதத்தைப் பற்றிய கதையைப் பார்த்தோம். தொற்று வருவதற்கு முன்பே எடுத்து முடித்த படம் அது என்பதை உடன் வந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

வீட்டில் பார்ப்பவர்கள் இதற்கு ஒரு முழு மாலையை ஒதுக்க வேண்டும். 163 நிமிடங்கள், இந்த வரிசையிலேயே நீளமான படம். தொடக்கத்தில் இத்தாலியின் மலைப்பாதையில் கார் போய்க்கொண்டிருக்கும்போது பாண்ட் தன் காதலியிடம் ஒரு வாக்கியம் சொல்கிறார். அந்த நேரத்தில் யாரும் எழுந்துபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திரையரங்கில் அதைக் கேட்டதும், நடுவில் காலியாகக் கிடந்த இருக்கையைத் தாண்டி மாமா என் கையைப் பிடித்தார். நான் எதையும் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை.

படம் முடிந்ததும் விளக்கைப் போடாதீர்கள். பெயர்கள் ஓடும்போது ஆம்ஸ்ட்ராங்கின் அதே பாடல் ஒலிக்கும். அது முடிந்து, எல்லாப் பெயர்களும் ஓடி மறைந்தபின், ஜேம்ஸ் பாண்ட் திரும்ப வருவார் என்ற ஒற்றை வரி திரையில் தோன்றும்வரை உட்கார்ந்திருங்கள்.