நின்றுபோன ஸ்போர்ட்ஸ் காரை எழுப்பும்போது செய்யக்கூடாத தவறுகள்

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டினம் பக்கம் ஒரு மாந்தோப்பு ஓரத்தில், புளியமரத்தடியில், ஆறு வருடமாகத் தார்ப்பாய் போர்த்தி நின்ற வண்டி அது. 2002 மாடல் ஹோண்டா சிட்டி 1.5 விடெக். பார்க்க நான்கு கதவு வைத்த குடும்ப வண்டிதான். ஆனால் அந்த எஞ்சின் 6800 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 6800 சுற்றில்) 106 குதிரைத்திறன் தரும். 2003-ல் வந்த அடுத்த சிட்டியில் அது 77 ஆகக் குறைந்துவிட்டது. கைக்கு எட்டும் விலையில் ரோட்டிலும் ஓட்டி, வருடத்துக்கு இரண்டு மூன்று முறை ரேஸ் ட்ராக்கிலும் ஓட்ட ஒரு வண்டி வேண்டும் என்று நினைப்பவர்கள் இன்னமும் அந்தப் பழைய விடெக்கைத் தேடிப் போவதற்கு இதுதான் காரணம்.

அந்த வண்டியிலும், அதற்குப் பிறகு நண்பர்களோடு சேர்ந்து எழுப்பிய இரண்டு வண்டிகளிலும் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. ஓடித் தேய்ந்த வண்டியைவிட ஓடாமல் நின்ற வண்டிக்குத்தான் வேலை அதிகம். கெட்டுப்போவது பெரும்பாலும் இரும்பு இல்லை. ரப்பரும், உள்ளே இருக்கும் திரவங்களும்தான் கெடுகின்றன. அவை கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால் பணம் முதலில் பெயின்ட்டுக்கும், அலாய் வீலுக்கும், சத்தம் போடும் சைலன்ஸருக்கும் போய்விடுகிறது. வேலையின் வரிசை அங்கேயே தப்பிவிடுகிறது.

முதல் நாளே ஸ்டார்ட் அடிப்பது

"பேட்டரி எடுத்தாந்து குடுத்தா ஒரே அடியில ஸ்டார்ட் ஆயிரும் தம்பி" என்றார் தோப்புக்காரர். வண்டியை விற்கிற எல்லோரும் சொல்வதுதான். வாங்குகிற நமக்கும் சத்தம் கேட்க ஆசையாக இருக்கும். அந்த ஆசையை ஒரு வாரம் அடக்கிக்கொள்ளுங்கள்.

வருடக்கணக்கில் நின்ற எஞ்சினில் ஆயில் முழுதும் கீழே இறங்கிப் போயிருக்கும். சிலிண்டர் சுவரில் லேசாகத் துரு ஏறியிருக்கும், பிஸ்டன் ரிங் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் ஸ்டார்ட்டர் மோட்டார் போட்டு இழுத்தால் ரிங் உடையலாம், சுவரில் கோடு விழலாம். முதலில் நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒன்றிரண்டு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு, ஒரு இரவு அப்படியே விடுங்கள். மறுநாள் கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையாலேயே மெதுவாக இரண்டு சுற்று சுற்றிப் பாருங்கள். பெரும்பாலான எஞ்சின்கள் புல்லி பக்கமிருந்து பார்த்தால் கடிகார திசையில் சுற்றும். இந்தப் பழைய ஹோண்டா எஞ்சின் அதற்கு நேரெதிர். எந்த மெக்கானிக்கிடம் விட்டாலும் இதைச் சொல்லிவிட்டு வாருங்கள்.

கையால் சுற்றுகிறது என்றதும் சாவியைத் தேடக்கூடாது. வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயக்கும் டைமிங் பெல்ட் இதில் இருக்கிறது. பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும் ரக எஞ்சின் இது. "வெறும் அறுபதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு" என்று மீட்டரைக் காட்டுவார்கள். பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் மட்டும் கணக்கு இல்லை, வயதும் கணக்கு. பெல்ட்டையும், அதே பெல்ட்டில் ஓடும் வாட்டர் பம்ப்பையும், டென்ஷனரையும் ஒன்றாக மாற்றிவிடுங்கள். புது ஆயில், புது ஃபில்டர் போட்டு, பெட்ரோல் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, பிளக் இல்லாமலேயே ஆயில் விளக்கு அணையும் வரை சுற்ற விடுங்கள். அதன் பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். எஞ்சின் ஓடிச் சூடான பின், சிலிண்டர் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பாருங்கள். நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி.

டேங்கில் கிடந்த பழைய பெட்ரோலை ஒரு சொட்டு விடாமல் எடுத்துவிட வேண்டும். இன்னொன்றையும் இப்போது சேர்த்துக்கொள்ளுங்கள். 2023-லிருந்து பெட்ரோல் பங்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்துவிட்டது. 2002-ல் போட்ட ரப்பர் பெட்ரோல் ஹோஸ் இவ்வளவு எத்தனாலுக்காகச் செய்ததல்ல. ஊறிப் பிளந்தால் சூடான எஞ்சின் மேலேயே சொட்டும். எத்தனால் தாங்கும் ஹோஸ் வாங்கி, டேங்கிலிருந்து எஞ்சின் வரை எல்லாவற்றையும் மாற்றுங்கள். இதில் மிச்சம் பிடிக்கக்கூடாது.

போர் தண்ணீர்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாக அடை கட்டும். அதில் இருக்கும் ஃபுளோரைடுக்குப் பயந்துதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. குடிக்க வேண்டாம் என்று ஒதுக்கிய அதே தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றுகிறோம். பாத்திரத்தில் படியும் சுண்ணாம்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். ரோட்டில் போகும்போது தெரியாது. ட்ராக்கில் பதினைந்து நிமிடம் உச்ச ஆர்பிஎம்மில் ஓட்டினால் சூட்டு முள் ஏறும், அடுத்து எஞ்சின் தலைக்குக் கீழே உள்ள அடைப்பான ஹெட் கேஸ்கட் போகும்.

ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள், அடைப்பு அதிகமென்றால் புதிது வாங்குங்கள். தெர்மோஸ்டாட் (சூட்டைப் பார்த்துத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு), மூடி, மேல் கீழ் ஹோஸ் எல்லாம் புதிதாக இருக்கட்டும். பாதி கூலன்ட், பாதி டிஸ்டில்டு வாட்டர். "நம்ம வெயிலுக்கு எதுக்கு தெர்மோஸ்டாட்" என்று கழற்றிப் போடும் பழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. அது இல்லாவிட்டால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வராது, தேய்மானம் கூடும்.

நிற்கத் தெரியாத வண்டிக்கு வேகம் கொடுப்பது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். நானே செய்திருக்கிறேன்.

எஞ்சின் ஓட ஆரம்பித்த உற்சாகத்தில் ஏர் ஃபில்டர், எக்ஸாஸ்ட் இரண்டையும் மாற்றிவிட்டோம். பிரேக்கில் முன்பக்க பேட் மட்டும் புதிது. மிதித்தால் வண்டி நின்றது, அது போதும் என்று நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சேலம் போகக் கிளம்பி, தொப்பூர் கணவாயில் இறங்கும்போது முன்னால் லோடு லாரி ஒன்று. நான்கைந்து முறை அழுத்தி மிதித்திருப்பேன். ஆறாவது முறை பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. மூன்றாவது கியர், பிறகு இரண்டாவது, கூடவே ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து இடது ஓரமாக நிறுத்தினேன். கை நடுக்கம் நிற்க அரை மணி நேரம் ஆனது. அந்த இறக்கத்தில் எத்தனை வண்டிகள் மோதி எரிந்திருக்கின்றன என்று இந்த மாவட்டத்தில் தெரியாதவர் இல்லை.

நடந்தது என்ன? பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். பிரேக் ஆயிலின் தரத்தை டாட் 3, டாட் 4 என்று குறிப்பார்கள். புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. நான்கு சதவீதத்துக்கும் குறைவான தண்ணீர் சேர்ந்தாலே அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். டாட் 3 என்றால் 205, 140. இறக்கத்தில் தொடர்ந்து மிதிக்கும்போது அந்தச் சூடு எளிதாக வந்துவிடும். ஆயில் கொதித்தால் குமிழி உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, குமிழியை அமுக்கலாம். நாம் மிதிப்பது குமிழியை அமுக்குவதிலேயே தீர்ந்துபோகும், சக்கரத்துக்குப் போய்ச் சேராது.

ஆகவே நின்ற வண்டியில் பிரேக் வேலை என்பது பேட் மாற்றுவது அல்ல. காலிப்பர் பிஸ்டன்களை வெளியே எடுத்துத் துருக்குழி இருக்கிறதா பார்த்து, ரப்பர் சீல் அத்தனையும் மாற்ற வேண்டும். பின்பக்க டிரம்மைத் திறந்து வீல் சிலிண்டரையும், ஷூவிலிருந்து லைனிங் பெயர்ந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். நான்கு ரப்பர் ஹோஸும் புதிது. மாஸ்டர் சிலிண்டர் கிட் புதிது. கடைசியில் மூடி திறக்காத புது டப்பாவிலிருந்து டாட் 4 அல்லது டாட் 5.1 ஊற்றி, குழாய்களில் இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். டாட் 5 என்று தனியாக ஒன்று உண்டு. அது சிலிகான், மற்றவற்றோடு கலக்கவே கூடாது. பெயர் ஒன்றுபோல இருப்பதால் கடையில் மாற்றிக் கொடுத்துவிட வாய்ப்புண்டு. ட்ராக்குக்குப் போகிற வண்டிக்கு வருடம் ஒருமுறை ஆயில் மாற்றுவதை வழக்கமாக்குங்கள்.

கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு நாம் போவதென்றால் இதே தொப்பூரில் இறங்கித்தான் போக வேண்டும். ட்ராக் வருவதற்கு முன்பே பிரேக்குக்கு முதல் பரீட்சை அங்கே நடந்துவிடும். ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர் என்று லாரி ஓட்டும் பெரியவர்கள் சொல்வதை ஸ்போர்ட்ஸ் காரிலும் கடைப்பிடியுங்கள்.

டயரும் இந்தக் கணக்கில்தான் வரும். பக்கவாட்டில் நான்கு இலக்கம் அச்சிட்டிருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் செய்தது. பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பழைய டயர் கல்லாக இறுகியிருக்கும். நின்ற வண்டியோடு வந்த டயரில் ட்ராக்குக்குப் போகாதீர்கள்.

ஓசூர் கையருகே இருப்பதன் ஆபத்து

நமக்கு ஒரு பெரிய வசதி ஓசூர். சிப்காட்டைச் சுற்றி லேத்தும் சிஎன்சியும் இல்லாத தெரு இல்லை. சாம்பிள் கொண்டுபோய்க் கொடுத்தால் மாலையில் அதே அளவில் செய்து கொடுப்பார்கள். டிஸ்க் ஃபேஸ் பிடிக்க, ஃபிளைவீல் சமன் செய்ய, பிராக்கெட் செய்ய இதைவிட நல்ல இடம் இல்லை.

ஆனால் பார்ட்ஸ் கிடைக்கவில்லை என்று பால் ஜாயின்ட், டை ராட் எண்ட், ஹப், வீல் ஸ்பேசர் எல்லாம் கடைந்து போட்டுக்கொள்கிறார்கள். அளவு சரியாக இருக்கும். அந்த இரும்பு என்ன தரம், எப்படிச் சூடேற்றி இறுக்கியது என்பது யாருக்கும் தெரியாது. ஸ்டீயரிங், பிரேக், சக்கரம் இந்த மூன்றில் எதையும் கடைந்து போடக்கூடாது. மூன்று மாதம் ஆனாலும் சரியான பார்ட்ஸுக்குக் காத்திருங்கள்.

ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்துவதும் இந்த ரகம். வெட்டினால் சக்கரத்துக்கு மேலே கீழே போக இடம் குறையும், சக்கரம் முழுதும் தொங்கும்போது ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும் இடத்தைவிட்டு நகரவும் கூடும். நம் ஊர் வேகத்தடையில் நாள்தோறும் அடி வாங்கும். ட்ராக்கிலும் ரோட்டுப் பிடி அதிகமாகாது. பழைய வண்டியில் ஆட்டம் இருப்பது பெரும்பாலும் சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மில் உள்ள ரப்பர் புஷ் வெடித்ததால்தான். எல்லா புஷ்ஷும் ஷாக் அப்சார்பரும் மாற்றி, பிறகு அலைன்மென்ட் பிடியுங்கள். கம்பெனி உயரத்திலேயே வண்டி வளைவில் எப்படி ஒட்டிப் போகிறது என்று நீங்களே ஆச்சரியப்படுவீர்கள்.

ஒரே வண்டி, இரண்டு வேலை

ட்ராக்குக்கென்று செய்த பிரேக் பேட் சூடானால்தான் பிடிக்கும். காலையில் குழந்தையைப் பள்ளியில் விடப் போகும்போது, குறுக்கே ஆடு வந்தால், அந்தக் குளிர்ந்த பேட் உங்களைக் காப்பாற்றாது. ரோட்டுக்கும் கொஞ்சம் சூட்டுக்கும் சேர்த்துச் செய்த பேட் வாங்குங்கள், அல்லது ட்ராக்கில் போய் மாற்றிக்கொள்ளுங்கள். வண்டி உருண்டாலும் கூரை நசுங்காமல் இருக்க உள்ளே பொருத்தும் இரும்புக் குழாய்க் கூண்டான ரோல் கேஜும் அப்படித்தான். ஹெல்மெட் போட்ட தலைக்கு அது காவல். ஹெல்மெட் இல்லாமல் ரோட்டில் போகும்போது ஒரு சின்ன மோதலில் தலை நேராக இரும்புக் குழாயில் அடிக்கும். வருடத்தில் மூன்று நாள் ட்ராக்குக்காக மற்ற நாளெல்லாம் அந்த ஆபத்தைச் சுமக்க வேண்டாம்.

துரு, பெயின்ட்

சுருக்கமாகச் சொல்கிறேன். புளிய இலை பொடிப்பொடியாக விழும். வைப்பருக்குக் கீழே உள்ள வாய்க்காலில் சேர்ந்து தண்ணீர் போகும் துளையை அடைத்துவிடும். எங்கள் வண்டியில் அந்தத் தண்ணீர் உள்ளே இறங்கி, கால் வைக்கும் தகடு கையால் குத்தினால் ஓட்டை விழும் அளவுக்கு அரித்திருந்தது. மேலே பெயின்ட் பளபளத்தது. வாங்கும்போதே கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். துருவின் மேல் பட்டி பூசி மறைக்காமல், வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டிங் செய்யுங்கள். பெயின்ட் கடைசி வேலை.

காகிதம்

பெங்களூரு கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர்தான். அங்கே விலை குறைவு என்று பணத்தைக் கொடுத்து வண்டியை ஓட்டி வந்துவிட்டு, பிறகு காகிதத்துக்கு அலைகிறவர்களை நிறைய பார்க்கிறேன். அந்த ஊர் ஆர்டிஓவிடம் படிவம் 28-ல் தடையில்லாச் சான்று, பெயர் மாற்றப் படிவங்கள் 29, 30, கடன் இருந்திருந்தால் வங்கி கையெழுத்திட்ட 35. இத்தனையும் கைக்கு வந்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள். கர்நாடக எண்ணோடு பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருக்க முடியாது. வரி கட்டித் தமிழ்நாட்டு எண் வாங்க வேண்டும். பதிவு 15 வருடம்தான் செல்லும். காலாவதியாகி நின்ற வண்டிக்குப் புதுப்பிக்கும் கட்டணத்தோடு தாமதத்துக்கும் சேர்த்துக் கேட்பார்கள். வண்டி விலை பேசும்போதே இதைக் கழித்துப் பேசுங்கள்.

வேறு எஞ்சின் மாற்றி வைக்கும் யோசனை இருந்தால், மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவை முதலில் படியுங்கள். கம்பெனி விவரத்திலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 2019-ல் மீண்டும் உறுதி செய்தது. சாதாரண கார் இன்சூரன்ஸ் பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் செல்லாது என்பதும் பாலிசியிலேயே அச்சிட்டிருக்கிறது. ட்ராக்கில் அடிபட்டால் செலவு முழுதும் நம்முடையது.

முதல் ட்ராக் நாள்

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை ட்ராக் சுற்று 3.7 கிலோமீட்டர், செட்டிப்பாளையம் சுமார் 2.1. முதல் முறைக்குச் செட்டிப்பாளையம் நல்லது. நேர் ரோடு குட்டை, அதனால் வேகம் அளவோடு இருக்கும்.

வீல் நட்டை டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்குங்கள். முதல் சுற்று முடிந்ததும் மறுபடி பாருங்கள். ஆயில் அளவு குச்சியின் மேல் கோட்டில் இருக்கட்டும். நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும், குறைவாக இருந்தால் பம்ப் காற்றை இழுக்கும். ஒவ்வொரு முறையும் கடைசிச் சுற்றைப் பிரேக்கைத் தொடாமல் மெதுவாக ஓட்டி, சூட்டை இறக்கிவிட்டு உள்ளே வாருங்கள். வந்து நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் இழுக்காதீர்கள், சூடான டிரம்மில் லைனிங் ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கல் வையுங்கள். வீடு திரும்பும் முன் பிரேக் ஆயில் அளவையும் பேட் கனத்தையும் இன்னொரு முறை பாருங்கள். சேலம் தாண்டி நாம் ஏற வேண்டிய தொப்பூர் மலை இருக்கிறது.