ஹேண்ட்பிரேக்கை நம்பி எம்எக்ஸ்-5ஐத் தூக்காதீர்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் (குடியிருப்பு) வீட்டின் கார் போர்ச், மழைத்தண்ணீர் ஓடுவதற்காக லோங்காங் (வடிகால்) பக்கம் லேசாகச் சரிந்திருக்கும். பார்த்தால் தெரியாது, கோலிக்குண்டை வைத்தால் உருளும். அந்தச் சரிவில்தான் என் 1991 மஸ்டா எம்எக்ஸ்-5 கார் ஒருநாள் தானாக நகர்ந்தது.

சக்கரம் வைத்த டிராலி ஜேக்கால் பின்பக்கத்தைத் தூக்கியிருந்தேன். ஹேண்ட்பிரேக்கும் கியரும் போட்டிருந்தேன். மைவி காரில் பல வருஷம் இப்படித்தான் செய்தேன், ஒன்றும் ஆகவில்லை. மைவியின் என்ஜின் இழுப்பது முன்சக்கரங்களை. பின்பக்கம் எழும்பினாலும் கியர் முன்னால் பிடித்துக்கொள்ளும். எம்எக்ஸ்-5இல் ஹேண்ட்பிரேக்கும் பின்சக்கரத்துக்கு, என்ஜின் ஓட்டமும் பின்சக்கரத்துக்கு. அவை தரையை விட்டு எழும்பியதும் இரண்டும் பிடிப்பது வெறும் காற்றைத்தான். ஜேக்கிலிருந்து நழுவி வண்டி இறங்கியபோது என் கை வெளியே இருந்தது. மகள் இரண்டடி தள்ளி நின்றிருந்தாள்.

அதனால் பின்பக்கம் தூக்கும்போது இரண்டு முன்சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் மரக்கட்டை வையுங்கள். முன்பக்கம் தூக்கினால் பின்சக்கரங்களுக்கு. செங்கல், ஹாலோ பிளாக் எதுவும் வேண்டாம், சக்கரத்துக்கும் சரி, வண்டிக்கு அடியிலும் சரி. அப்பா தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். டிரெய்லருக்கு அடியில் பழைய ரயில் சிலிப்பர்க் கட்டையைத்தான் கொடுப்பார். "கல்லு சொல்லாம வெடிச்சிடும் தம்பி. மரம் முனகும்" என்பார்.

கட்டை வைத்த பிறகு சக்கர நட்டுகளை அரைச் சுற்று மட்டும் தளர்த்துங்கள். வண்டி தாழ்வாக இருப்பதால் ஜேக் அடியில் நுழையாது. என்னுடையதில் கட்டை வைப்பதற்கு முன்பே முன்சக்கரங்களை நான்கு சென்டிமீட்டர் பலகை மேல் ஏற்றிவிடுவேன், பிறகுதான் ஜேக்கைத் தள்ளுவேன். ஜேக் வைக்கும் இடம், முன்னால் குறுக்குச் சட்டத்தின் நடு, பின்னால் டிஃப்ரன்ஷியலின் (பின்சக்கரங்களுக்கு நடுவே உள்ள கியர்ப்பெட்டி) அடி. ஆயில் பேனில் மட்டும் வைக்காதீர்கள்.

இப்போது பம்ப் அடிக்கும்போது ஜேக்கின் சக்கரத்தைக் கவனியுங்கள். அதன் கை நேராக மேலே போவதில்லை, வளைந்து போகும். அதற்கு ஈடாக ஜேக் கொஞ்சம் உருள வேண்டும். டைல்ஸ் இடுக்கில் சக்கரம் மாட்டினால் ஜேக் உருளாது, அதன் தலை வண்டியின் அடியில் நழுவ ஆரம்பிக்கும். நான் ஜேக்குக்குக் கீழே பெரிய பிளைவுட் விரித்துவிடுவேன். தூக்கிய வண்டியைத் தாங்க வைக்கும் ஸ்டாண்டுகளின் காலுக்கும் தனித்தனிப் பிளைவுட் துண்டு, இல்லாவிட்டால் டைல்ஸ் உடைந்து ஸ்டாண்டு சாயும்.

எம்எக்ஸ்-5இன் பக்கவாட்டு விளிம்பில், முன்சக்கரத்துக்குப் பின்னாலும் பின்சக்கரத்துக்கு முன்னாலும், ஒவ்வோர் இடத்திலும் இரண்டு சின்ன வெட்டுகள் அருகருகே இருக்கும். ஸ்டாண்டு அந்த ஜோடி வெட்டுகளுக்கு நடுவில் உட்கார வேண்டும். வண்டியை அதன் மேல் மெதுவாக இறக்குங்கள். ஜேக்கின் சீல் எப்போது எண்ணெயை விடும் என்று யாருக்கும் தெரியாது. ஜேக்கை மட்டும் நம்பி யாரும் அடியில் போகவே கூடாது. அப்புறம் இரண்டு கையாலும் வண்டியைப் பிடித்து நன்றாக ஆட்டிப் பாருங்கள். அசைந்தால் இறக்கி மறுபடி வையுங்கள். கழற்றிய சக்கரத்தை விளிம்புக்கு அடியில் படுக்க வைத்துவிடுங்கள்.

நான்கு பக்கமும் ஒரே நேரத்தில் தூக்கும் வேலையை நான் வீட்டில் செய்வதில்லை, ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோவேன். வீட்டில் ஒருவராவது இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் அடியில் படுப்பேன்.

முடிந்ததும் நட்டுகளைக் கையால் மாட்டி, வண்டியை இறக்கிய பிறகு குறுக்குக் குறுக்காக இறுக்குங்கள். இந்த வண்டிக்கு 88 முதல் 118 நியூட்டன் மீட்டர் வரை. என் டார்க் ரெஞ்சை (இறுக்கும் அளவை அமைத்துக்கொள்ளும் ரெஞ்சு) 110இல் வைத்திருப்பேன். மறுநாள் ஈப்போ போய் வந்து, சக்கரம் ஆறியதும் இன்னொரு முறை இறுக்கிப் பார்ப்பேன்.