வாசலில் நூறு, கொல்லையில் அஞ்சு: நீள வீட்டுக்கு வைஃபை

கும்பகோணம், மாயவரம், மன்னார்குடிப் பக்கத்துப் பழைய வீடுகள் அகலம் குறைந்து நீளம் கூடியவை. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாங்கட்டு, அடுக்களை என்று ஓடிக் கொல்லையில் போய்த்தான் நிற்கும். லைன் இழுக்க வருபவர் ஃபைபரை வாசலோடு முடித்து, ரேழியில் மீட்டர் பலகைக்குப் பக்கத்தில் ரவுட்டரை மாட்டிவிட்டுப் போய்விடுவார். இரண்டாங்கட்டில் படம் சுற்றிக்கொண்டே நின்றால் பிளானைக் குறை சொல்லாதீர்கள்; நடுவில் ஒன்றரை அடிச் சுவர்கள் நான்கைந்து நிற்கின்றன.

முதலில் அளவெடுங்கள். லேப்டாப்பை லேன் கேபிளால் ரவுட்டரில் நேராகச் செருகி வேகம் பாருங்கள். பிறகு வைஃபையில், ஒரே போனை வைத்து, ரவுட்டருக்கு ஆறடி தள்ளி, கூடத்தில், கொல்லைக் கதவருகில் என்று மும்மூன்று தடவை. கேபிளிலேயே குறைவு என்றால் கோளாறு லைனில். கேபிளில் சரியாக வந்து பக்கத்திலேயே வைஃபை குறைந்தால் செட்டிங். தூரம் போகப் போகச் சரிந்தால் சுவர். 300 எம்பிபிஎஸ் பிளானில் கேபிள் வழியாக 94-லேயே நின்றால், லேன் போர்ட் 100 வகையாக இருக்கும், அல்லது கேபிளின் எட்டுக் கம்பிகளில் ஒன்று அறுந்திருக்கும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும்.

லைன் கோளாறா என்று பார்க்க, பிரவுசரில் திறக்கும் ரவுட்டரின் செட்டிங் பக்கத்தில் ஆப்டிகல் பவர், அதாவது ஃபைபரில் வந்து சேரும் ஒளியின் பலம், எவ்வளவு என்று பாருங்கள். மைனஸுக்குப் பின்னால் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி பலவீனம். மைனஸ் 15-லிருந்து மைனஸ் 25 டிபிஎம் வரை நிம்மதி. மைனஸ் 27-க்கும் கீழே போய்விட்டால் இணைப்பு விட்டு விட்டு அறுபடும். ஆணியில் மடக்கிக் கட்டிய கேபிளும், தூசி படிந்த பச்சைக் கனெக்டரும்தான் வழக்கமான குற்றவாளிகள். கனெக்டர் நுனியைக் கண்ணருகே வைத்துப் பார்க்க வேண்டாம்.

சுவர்தான் காரணம் என்றால் ரவுட்டரையே கூடத்துக்குக் கொண்டுவாருங்கள். ஃபைபரில் ஒரு கிலோமீட்டர் போனால்கூட அரை டெசிபெல் குறையாது; 20 மீட்டர் கூடுதல் கேபிளுக்கு வேகம் அசையாது. ‘உள்ளே இழுத்துத் தாருங்கள்’ என்று கேட்க வேண்டியதுதான். முற்றத்தைப் பார்த்த சுவரில், தூவானம் படாத இடத்தில், ஐந்தாறு அடி உயரத்தில் மாட்டுங்கள். முற்றத்தின் வெட்டவெளி சிக்னலுக்கு நல்ல வழி. பீரோ மேலும், பித்தளைப் பாத்திரம் அடுக்கிய அலமாரியிலும், டிவிக்குப் பின்னாலும் வைக்காதீர்கள். உலோகம் சிக்னலை மறித்துவிடும். ஐப்பசி மழையில் சுண்ணாம்புச் சுவர் ஈரம் குடித்தபின் சிக்னல் இன்னும் இளைக்கும். சித்திரையில் அளந்து ‘போதும்’ என்று விட்டவர்கள் கார்த்திகையில் திரும்ப அளக்க நேரும்.

அதற்கும் எட்டாத அடுக்களைக்கும் கொல்லை அறைக்கும் இரண்டாவது ரவுட்டரைக் கேபிளில் இணைப்பதே முறை. ரிப்பீட்டர் வாங்கச் சொல்வார்கள். ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே அனுப்பும் ரிப்பீட்டர் வேகத்தைப் பாதியாக்கும். போதாததற்கு, அதைச் சிக்னல் செத்த இடத்தில் கொண்டுபோய்ச் செருகுகிறார்கள். வேறு வழியே இல்லையென்றால் மைனஸ் 65 டிபிஎம்முக்குக் குறையாமல் வைஃபை சிக்னல் வரும் இடத்தில், அதாவது பாதி வழியில், வையுங்கள்.

லேன் கேபிள் ‘கேட் 6’ வகை, முழுச் செம்பு. செம்பு பூசிய அலுமினியம் மலிவு, வளைத்தால் ஒடியும். தாழ்வாரத்தை ஒட்டிப் பிவிசி பைப்பில் கொண்டுபோங்கள். எலி பைப்பை லேசில் தொடாது, வெறும் கேபிளை விடாது. கரண்ட் வயரோடு ஒரே பைப்பில் போடக் கூடாது. இரண்டாவது ரவுட்டரின் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி (முதலாவது 192.168.1.1 ஆக இருந்தால்), டிஎச்சிபியை (கருவிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் வசதி) அணைத்து, லேன் போர்ட்டிலிருந்து லேன் போர்ட்டுக்குச் செருகுங்கள். டிஎச்சிபியை அணைக்க மறந்தால் இரண்டும் முகவரி கொடுக்கும். சில போன்களில் நெட் வரும், சிலவற்றில் வராது. வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் ஒன்றாக இருக்கலாம், சேனல் மட்டும் வேறாக வேண்டும்.

சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் அக்கம்பக்கத்து ரவுட்டர்களும் உங்கள் கூடத்தில்தான் பேசிக்கொண்டிருக்கும். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 1, 6, 11 என்ற மூன்று சேனல்களில் நெரிசல் குறைந்ததை எடுத்து, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் வையுங்கள். 40 வைத்தால் பக்கத்து வீட்டோடு மோதல்தான். 5 கிகாஹெர்ட்ஸில் சேனல் 36 அல்லது 149, அகலம் 80. வைஃபை பாதுகாப்பு செட்டிங்கில் டபிள்யூபிஏ2 ஏஇஎஸ். பழைய டிகேஐபி முறை இருந்தால் வேகம் 54 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது.

தோப்பு மோட்டார் கொட்டகைக்குக் கேமரா வேண்டுமென்றால் லேன் கேபிளை மரத்துக்கு மரம் கட்டி இழுக்காதீர்கள். இடி இறங்கினால் இரண்டு முனையும் போகும். ஃபைபரும், அதை லேனாக மாற்றித் தரும் மீடியா கன்வர்ட்டர் முனைக்கு ஒன்றாக இரண்டும் போடுங்கள். ஃபைபரோடு வரும் தாங்குகம்பியை வீட்டுக்குள் விடாமல் வெளிச்சுவரிலேயே வெட்டிக் கட்டச் சொல்லுங்கள்.